ரெய்டு முடிந்த பிறகு

வணக்கம் நேயர்களே. பாலியல் தொழிலை ஒழிக்கப் போகிறோம் என்று ஓர் அரசு அறிவித்தால் முதலில் நடப்பது ரெய்டுதான். முகத்தை மூடிக்கொண்டு பெண்கள் வண்டியில் ஏறுவார்கள். தரகர் பெரும்பாலும் அதில் இருக்க மாட்டார். காசு கொடுத்து வந்தவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். பல நாடுகளில் கைப்பையில் இருந்த ஆணுறையைக்கூட காவல்துறை சாட்சியமாக எடுத்திருக்கிறது. அதற்குப் பயந்து அதை வைத்துக்கொள்ளாமல் விட்ட பெண்களுக்கு நோய்தான் மிச்சம்.

இந்தக் கணக்கை முதலில் மாற்றிப் போட்டது சுவீடன். 1999 முதல் அங்கே காசு கொடுப்பவர்தான் குற்றவாளி, அந்தப் பெண் அல்ல. தெருவில் நடப்பது பாதியாகக் குறைந்துவிட்டது என்று 2010இல் அரசு ஆய்வு சொன்னது. சரி, ஆனால் எவ்வளவு இணையத்துக்கு இடம் மாறியது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நியூசிலாந்து 2003இல் வேறு பாதையில் போனது. வயது வந்தவர்கள் விரும்பிச் செய்தால் குற்றமில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரிடம் போனால் ஏழாண்டு வரை சிறை. 2014இல் இந்தத் தொழில் செய்த ஒரு பெண், தன்னைப் பாலியல் ரீதியாகத் தொல்லைப்படுத்திய பாலியல் விடுதிக்காரர் மீது அங்கே வழக்குப் போட்டு 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு வாங்கினார். தான் கைதாகிவிடுவோம் என்ற பயம் இருந்திருந்தால் அவர் புகார் கொடுக்கவே வந்திருப்பாரா?

அதனால், அந்தப் பெண்ணைத் தண்டிக்காத சட்டம்தான் முதல் தேவை என்பேன். ஆனால் அது மட்டும் போதாது. வெளியே வர நினைப்பவருக்குக் கடன் இருக்கும், குழந்தை இருக்கும், பழைய வழக்கும் இருக்கும். அந்த வழக்கைக் காட்டியே வேலையும் வாடகை வீடும் மறுப்பார்கள்.

பிரான்ஸ் 2016இல் இதையும் யோசித்துச் சட்டம் போட்டது. தொழிலை விடுபவருக்கு ஆறு மாதம் உதவி, இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் தொடக்கத்தில் கொடுத்தது மாதம் 330 யூரோ. பாரிஸில் அது ஓர் அறை வாடகைக்கே காணாது. அப்புறம், விண்ணப்பத்தை ஒரு குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதுவரை சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் யார் கொடுப்பது? தரகர் கொடுப்பார், கடனாக. எந்த அரசாக இருந்தாலும் பணத்தை முதலில் ஒதுக்க வேண்டியது அந்தக் காத்திருப்புக் காலத்துக்குத்தான்.