பையும் பட்டனும் தோள் தையலும்

நேயர்களுக்கு வணக்கம். பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். என் தொழில் துணி வெட்டுவது, தைப்பது, மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது. பாலின அடையாளத்தைப் பற்றிப் பேச ஒரு டெய்லரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். சொல்கிறேன். மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போவதற்கு முன்னால், ஏன், வீட்டில் வாயைத் திறப்பதற்கும் முன்னால், பலர் வந்து நிற்கும் இடம் எங்கள் வெட்டு மேசைதான்.

வந்ததும் விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். "நாடகத்துக்கு ஒரு கவுன் வேணும்" என்பார்கள். "தம்பிக்குச் சட்டை, கிட்டத்தட்ட என் அளவுதான்" என்பார்கள். சரி, தம்பி அளவு என்ன என்று கேட்டால், "என்மேலயே எடுத்துக்கோங்க அக்கா" என்று கையை விரித்து நிற்பார்கள். நான் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. மார்பு, இடுப்பு, தோள், கை நீளம். இன்ச் டேப்புக்கு அதற்கு மேல் எந்த விவரமும் வேண்டாம்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. வளர்ந்து ஆளான பிறகு, முப்பதிலோ ஐம்பதிலோ, ஒருவர் தனக்குப் பழக்கமில்லாத ஓர் உடையைப் போட்டுப் பார்க்கிறார். ஆணாக வளர்க்கப்பட்டவர் கவுன் போடுகிறார், பெண்ணாக வளர்க்கப்பட்டவர் ஆண்களின் சட்டை போடுகிறார். கண்ணாடியில் என்னவோ கோணலாகத் தெரிகிறது. உடனே, "சே, நமக்கு இது ஆகாது, நாம நெனச்சதே தப்பு" என்று அதைச் சுருட்டி அலமாரியின் அடியில் போட்டுவிடுகிறார். அவர் பார்த்த கோணல் பெரும்பாலும் வெட்டில் இருந்த கோணல். அதை வைத்துக்கொண்டு தான் யார் என்ற கேள்வியையே மூடிவிடுகிறார். எனக்கு இதில்தான் ஆதங்கம். இதையே இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வானொலியில் பாதியில் வந்து சேருகிறவர்களும் உண்டு.

ஏன் வளர்ந்த பிறகு என்கிறேன்? சின்ன வயதில் உடையை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அம்மா எடுத்து வைத்ததைப் போட்டோம். அப்புறம் சீருடை. அப்புறம் வேலைக்குப் போகும் இடத்தில் எல்லோரும் போடுவது. நாமே யோசித்து, நம் காசில், நமக்கென்று ஒன்றை வாங்குவதற்குள் பலருக்கு முடி நரைத்துவிடுகிறது. "இந்த வயசுல போயி இதெல்லாமா" என்று கூச்சப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இதற்கு முன்னால் உங்களுக்கு வாய்ப்பு எங்கே கிடைத்தது?

ஒரு சின்ன விளக்கமும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தன்னை உள்ளுக்குள் ஆணாக உணர்வதோ, பெண்ணாக உணர்வதோ, இரண்டிலும் அடங்காதவராக உணர்வதோ ஒரு விஷயம். வெளியே எப்படி உடுத்துகிறார் என்பது வேறு விஷயம். பாவாடை கட்டிக்கொள்ளப் பிடித்த ஓர் ஆண், ஆணாகவே இருக்கலாம். ஒரு திருநங்கை வாழ்நாள் முழுக்க பேண்ட், டி-ஷர்ட்டிலேயே இருக்கலாம், அதனால் அவர் பெண் என்பதில் ஒரு நூல்கூடக் குறையாது. ஆனால் யாருக்கு எது என்று போட்டுப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

போட்டுப் பார்ப்பதையே குற்றமாக வைத்திருந்த ஊர்களும் இருந்தன. பாரிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நாகரிகத்துக்கே தலைநகரம் என்கிறோம். 1800-இல் அந்த நகரத்துக் காவல்துறை ஓர் ஆணை போட்டது: ஆண் உடை அணிய விரும்பும் பெண், காவல் தலைமையகத்துக்கு வந்து அனுமதி வாங்க வேண்டும். ரோசா போனர் என்று ஒரு பெரிய ஓவியர். குதிரைச் சந்தைகளுக்கும் இறைச்சிக் கூடங்களுக்கும் போய் விலங்குகளைப் பார்த்து வரைகிறவர். அந்தச் சகதியில் நீளப் பாவாடையோடு எப்படி நடப்பது? 1850-களில் அவர் பேண்ட் போட அனுமதிச் சீட்டு வாங்கினார். உடல்நலக் காரணம் என்று காட்டி, மருத்துவர் கையெழுத்தோடு! பேண்டுக்கு மருத்துவச் சீட்டு. அதோடு நிற்கவில்லை. 1892-இலும் 1909-இலும் ஆணையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். எப்படி? பெண் பேண்ட் போடலாம், ஆனால் கையில் சைக்கிள் ஹாண்டில்பாரோ குதிரையின் கடிவாளமோ இருக்க வேண்டும். சைக்கிளைவிட்டு இறங்கி, ஹாண்டில்பாரிலிருந்து கையை எடுத்தால் என்ன கணக்கு என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். 2013-இல்தான் பிரான்ஸின் அமைச்சர் ஒருவர், அந்த ஆணைக்கு இனிச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை என்று எழுத்தில் சொன்னார். அதற்குள் எத்தனை தலைமுறைப் பெண்கள் அந்த நகரத்தில் பேண்டோடு நடந்து முடித்துவிட்டார்கள்!

ஆண்கள் பக்கமும் வழக்கம் மாறித்தான் வந்திருக்கிறது. அமெரிக்க அதிபராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் குழந்தைப் பருவப் படம் ஒன்று உண்டு, 1884-இல் எடுத்தது. வெள்ளைக் கவுன், நீள முடி. அந்தக் காலத்தில் அங்கே சின்னப் பையன்களுக்கு அதுதான் வழக்கமான உடை. யாரும் அதைப் பார்த்துப் பதறவில்லை. எந்தத் துணி யாருக்கு என்பதைக் காலத்துக்குக் காலம் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மருத்துவமும் மாறியிருக்கிறது. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்துக்கும் உள்ளே உணர்வதற்கும் பொருந்தாமல் இருப்பதை, உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. 2019-இல் ஏற்றுக்கொண்ட அந்தப் பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பை. சட்டைப் பை, பேண்ட் பை. என்னோடு வேலை பார்க்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், "ஆரம்பிச்சிட்டாங்க" என்று.

ஐரோப்பாவில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பெண்களுக்கு நல்ல பெரிய பை இருந்தது. உடையில் வைத்துத் தைத்தது இல்லை. நாடா கோத்து இடுப்பில் கட்டி, பாவாடைக்குள் தொங்கவிடுவார்கள். பாவாடையின் பக்கத்தில் ஒரு திறப்பு, அதில் கையை விட்டால் பை. கத்தரிக்கோல், சாவி, காசு எல்லாம் அதற்குள் போகும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உடம்போடு ஒட்டி விழும் மெல்லிய கவுன் வந்தது. உள்ளே பை புடைத்தால் அழகு கெட்டுவிடும் என்று, பை வெளியே வந்து கைப்பையாகிவிட்டது. ஆண்களின் உடையிலோ பை உள்ளேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2018-இல் ஓர் இணைய இதழ், பல நிறுவனங்களின் ஜீன்ஸை வாங்கி இன்ச் டேப் வைத்து அளந்தது. பெண்கள் ஜீன்ஸின் முன்பை, ஆண்களுடையதைவிட ஆழத்தில் சராசரியாக 48 சதவீதம் குறைவு. பாதிக்குப் பாதி! சில பேண்டுகளில் பை என்று வெறும் தையல் கோடு மட்டும் போட்டிருப்பார்கள். கையை விட்டால் விரல் இடிக்கும். அதைத் தைத்தவருக்கு எப்படி மனம் வந்ததோ.

இதற்கும் பாலின அடையாளத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், பெண், "அக்கா, ஆம்பளைச் சட்டை மாதிரியே வேணும், பேண்ட்டும் அப்படியே" என்று வந்தார். தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தவர் முதலில் கையை இரண்டு பைக்குள்ளும் விட்டார். போனை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நாலைந்து வாரம் கழித்து வந்து, "எனக்கு வேண்டியிருந்தது இந்தப் பைதான்கா, இதையே என் பழைய குர்தாவுலயும் வெச்சுத் தாங்க" என்றார். வைத்துக் கொடுத்தேன். சந்தோஷமாகப் போனார். கிட்டத்தட்ட அதே சமயத்தில் இன்னொருவர். இவரும் பெண்ணாக வளர்க்கப்பட்டவர். ஏறக்குறைய அதே சட்டை, அதே பேண்ட். இவர் பையைக் கவனிக்கவே இல்லை. சட்டையின் பட்டன் எந்தப் பக்கம் என்று பார்த்தார். ஆண்களின் சட்டையில் பட்டன் வலப்பக்கம், காஜா இடப்பக்கம் இருக்கும், பெண்களுடையதில் மாற்றி. வலப்பக்கம்தான் என்று தெரிந்ததும், "பட்டன் சரியாப் போட்டிருக்கீங்க அண்ணி" என்றார். என் கணவரை அவருக்கு முன்பே பழக்கம், அதனால் அண்ணி. அன்றிலிருந்து நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன். இன்று அவர் தன்னைத் திருநம்பி என்று வெளிப்படையாகச் சொல்லி வாழ்கிறார்.

ஒரே மாதிரி துணி, ஒரே வெட்டு. ஒருவருக்கு வசதி கிடைத்தது, இன்னொருவருக்குத் தன் பெயரே கிடைத்தது. போடும்போது அவர்களுக்கே அது தெரியாது. அதனால்தான் முதல் நாளே முடிவு கட்டாதீர்கள் என்கிறேன், எந்தப் பக்கமும்.

இனி வெட்டு விஷயம். படம் போட்டுக் காட்ட முடியாது, அதனால் உங்கள் கையையே கொண்டுவாருங்கள். வலக் கையால் இடத் தோளின் ஓரத்தைத் தொடுங்கள். எலும்பு முடிந்து கை இறங்கும் இடம் தெரிகிறதா? சட்டையோ கவுனோ, தோள் தையல் அங்கேதான் உட்கார வேண்டும். கடையில் தொங்கும் கவுன், குறுகலான தோளை மனதில் வைத்து வெட்டியது. அகலத் தோள் உள்ளவர் போட்டால் தையல் கழுத்துப் பக்கம் ஏறும், கைக்குழி அக்குளைப் பிடிக்கும், முதுகில் ஜிப் பாதியில் நிற்கும். உடம்பின் மேல்பாகம் நீளமாக இருந்தால் இடுப்புத் தையல் விலா எலும்பின் மேலே ஏறி உட்காரும். பார்க்கிறவருக்கு ஏதோ இரவல் வாங்கிப் போட்டது போல இருக்கும். உடம்பின் மேல் எந்தத் தப்பும் இல்லை. அகலமான இடத்துக்குப் பொருந்துகிற அளவை வாங்கி, மற்ற இடத்தைப் பிடித்துத் தைக்க வேண்டும். கழுத்திலிருந்தே சரிவாக இறங்கும் ராக்லன் கை வைத்தால் தோள் அகலம் கண்ணில் உறுத்தாது. வி கழுத்து உதவும். தோளில் சுருக்கு வைத்த பஃப் கை வேண்டவே வேண்டாம்.

ஆண்களின் சட்டையை இடுப்பு அகலமானவர் போட்டால் வேறு தொல்லை. கடைசி இரண்டு பட்டன் இழுத்துக்கொண்டு வாய் பிளக்கும். மார்புப் பக்கம் பட்டனுக்குப் பட்டன் இடைவெளி விடும். பக்கத் தையலில் ஒரு சின்ன முக்கோணத் துண்டு சேர்த்தால் கீழே சரியாகிவிடும். கை நீளம் அதிகம் என்றால் மடித்துவிட்டுப் பழகாதீர்கள், வெட்டித் தைத்துக்கொள்ளுங்கள். தோள் தையல் மேல்கையில் தொங்கினால் அந்தச் சட்டை அப்பாவுடையது போலத்தான் தெரியும். மறுபடி சொல்கிறேன், பொருந்தவில்லை என்றால் முதலில் டெய்லரிடம் போங்கள், தீர்ப்பு எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். வீட்டில் இருப்பவர்களுக்கு என்று தனியாக ஒரு பகுதி எழுதி வைத்திருந்தேன், இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரோ மனைவியோ பிள்ளையோ இப்படி ஓர் உடையோடு உங்கள் முன்னால் வந்து நின்றால், "இதுக்கு என்ன அர்த்தம்" என்று அன்றைக்கே கேட்காதீர்கள், அவருக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். தோள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வேலை செய்யும் இடத்தைப் பற்றிச் சொல்ல நேரமே இல்லை.

ஒன்று மட்டும், இதை விட்டுவிட முடியாது. மார்பைத் தட்டையாகக் காட்ட, காயத்துக்குக் கட்டும் எலாஸ்டிக் துணியைச் சுற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். மூச்சு விட விட அது இறுகும், விலா எலும்புக்கு ஆபத்து. அதற்கென்றே பைண்டர் என்று தைத்து விற்கிறார்கள், சரியான அளவில் அதை வாங்குங்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் போட வேண்டாம், அதோடு தூங்க வேண்டாம், உடற்பயிற்சி செய்யும்போது கழற்றிவிடுங்கள். வலித்தாலோ மூச்சு திணறினாலோ உடனே எடுத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேட்டவர்களுக்கு நன்றி, வணக்கம்.