ரப்பர் தோட்டத்துக் கூலியும் ஆர்தர் லூயிஸ் போட்ட கணக்கும்

வணக்கம் மக்களே. ராஜாஜி சாலையில, பீச் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன். எதிர்ல தெரியுதே மதில், அதுக்குப் பின்னாடி துறைமுகம். எங்க தாத்தாவோட அண்ணன் இங்கிருந்துதான் ரஜூலா கப்பல் ஏறி மலேயாவுல இருக்கிற பினாங்கு போனார். பால்மரம் வெட்டுற வேலை, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறது. ரப்பர் உலகத்துக்கே வேணும், காருக்கெல்லாம் டயர் வேணுமே. அப்புறம் ஏன் அவர் அனுப்பின மணியார்டர் அவ்வளவு சின்னதா இருந்துச்சு? சின்ன வயசுல கேட்டேன். "அவங்க தலையெழுத்துடா"ன்னாங்க பாட்டி.

இருங்க, லாரி போகட்டும்.

தலையெழுத்து இல்லன்னு எனக்குப் புரிய வெச்சவர் ஆர்தர் லூயிஸ்னு ஒரு பொருளாதார அறிஞர். கரீபியன் கடல்ல செயின்ட் லூசியான்னு ஒரு குட்டித் தீவு, 1915-ல அங்க பிறந்தார். 7 வயசுல அப்பா தவறிட்டார். அஞ்சு பசங்களையும் அம்மாதான் ஆளாக்கினாங்க. 14 வயசுலயே பள்ளிக்கூடம் முடிஞ்சுடுச்சு, ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுத வயசு பத்தல, அதனால குமாஸ்தா வேலை. இன்ஜினியர் ஆகணும்னுதான் ஆசை. கருப்பின இன்ஜினியருக்கு அரசாங்கமும் வேலை தராது, கரும்புத் தோட்டக்காரங்களும் தர மாட்டாங்க. சரின்னு 1933-ல லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல வணிகவியல் சேர்ந்தார். பொருளாதாரம்னா என்னன்னே அப்ப அவருக்குத் தெரியாது! அஞ்சே வருஷத்துல அங்கயே பாடம் நடத்தினார், அங்க பாடம் நடத்தின முதல் கருப்பினத்தவர் அவர்தான்.

1952 ஆகஸ்ட்ல பாங்காக் தெருவுல நடந்து போகும்போது அவருக்குப் பொறி தட்டுச்சு. 1954-ல அதைக் கட்டுரையா எழுதினார். நிலத்துக்குத் தேவையானதைவிட அதிகம் ஆள் இருக்கிற நாட்டுல, ஊர்ல கிடைக்கிறதுக்கு மேல கொஞ்சம் போட்டுக் கொடுத்தா போதும், ஆள் வந்துக்கிட்டே இருப்பாங்க. லாபம் ஏறும், கூலி நின்ன இடத்துலயே நிக்கும். உபரி ஆள் தீர்ந்தாத்தான் கூலி நகரும்.

என்னை உலுக்கினது அவர் பின்னாடி சொன்னதுதான். ஐரோப்பாவுலேர்ந்து சுமார் 5 கோடி பேர் அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு போனாங்க. இந்தியா, சீனாவுலேர்ந்தும் சுமார் 5 கோடி பேர் போனாங்க, தோட்டங்களுக்கு. 1900 வாக்குல இங்கிலாந்துல ஒரு ஏக்கருக்கு 1,600 ராத்தல் (பவுண்டு) கோதுமை விளைஞ்சுது. வெப்பமண்டல நாடுகள்ல தானிய விளைச்சல் 700 ராத்தல். இங்கிலாந்துக்காரரை ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிடணும்னா அந்த 1,600-க்கு மேல தரணும். நம்ம ஆளை மலேயாவுக்குக் கூப்பிட, 700-க்கு மேல கொஞ்சம் காட்டினா போதும். நம்மாளு ஆஸ்திரேலியாவுக்கே போயிருக்கலாமேன்னா, அங்க கதவைச் சாத்திட்டாங்க.

ஆக, எங்க பெரிய தாத்தா கூலியை முடிவு பண்ணது பினாங்கு மரம் இல்ல, தஞ்சாவூர்ப் பக்கத்து நெல்வயல். இன்னொண்ணும் சொன்னார். மரத்துல பால் அதிகமா இறங்கினா ரப்பர் விலைதான் குறையும். சாப்பாட்டுக்குப் பயிர் பண்றவரோட விளைச்சல் ஏறினாத்தான் தோட்டத்துல கூலி ஏறும். இந்த இடத்தைப் படிச்சுட்டு அவரோட புத்தகத்தை மூடி வெச்சுட்டேன், அன்னைக்கு அதுக்கு மேல படிக்க முடியல.

எதிர்ப்பும் இருந்துச்சு. தியோடர் ஷுல்ட்ஸ்னு இன்னொரு பொருளாதார அறிஞர், 1918 விஷக்காய்ச்சல்ல இந்தியாவுல ஆள் செத்த இடங்கள்ல சாகுபடியும் குறைஞ்சுதே, அப்ப உபரி எங்கன்னு கேட்டார். 1979-ல நோபல் பரிசு ரெண்டு பேருக்கும் சேர்த்தே கொடுத்தாங்க! என் மனக்குறை வேற. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகிட்ட வாங்கின முன்பணம், அந்தக் கடனுக்காகவே தோட்டத்துல கிடந்த வருஷங்கள், இதெல்லாம் இந்தக் கணக்குக்குள்ள வராது.

கானாவுக்கு ஆலோசகரா இருந்தார், கரீபியன் வளர்ச்சி வங்கிக்கு முதல் தலைவர், பிரின்ஸ்டன்ல பேராசிரியர். 1991-ல பார்படோஸ்ல இறந்தார். சொந்தத் தீவுல, அவர் பேர்ல இருக்கிற கல்லூரி வளாகத்துலயே அடக்கம் பண்ணாங்க.

போன வாரம் மெட்ரோ வேலை நடக்கிற இடத்துல ஒடிசாத் தம்பி ஒருத்தரைப் பார்த்தேன். இங்க என்ன சம்பளம்னு கேட்கல. ஊர்ல நடவுக்கு என்ன கூலின்னு கேட்டேன். சிரிச்சார். "அது தெரிஞ்சுதான் அண்ணா, மேஸ்திரி இங்க எவ்வளவு தரலாம்னு முடிவு பண்ணாரு"ன்னார்.

உங்க வீட்டுலேர்ந்து யாராவது கப்பல் ஏறியிருந்தா, எந்தத் தோட்டம், என்ன கூலின்னு பெரியவங்களைக் கேட்டு எழுதி வையுங்க. எங்க வீட்டுல கேட்க ஆளில்ல.