உதகை மலையில் தூண்டிலும் துப்பாக்கியும்

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரிக்கு வருகிறவர்களில் சிலர் படகு இல்லத்தையும் மலர்க் கண்காட்சியையும் பற்றிக் கேட்பதில்லை. இங்கே மீன் பிடிக்க இடம் உண்டா, வேட்டைக்கு அனுமதி கிடைக்குமா என்று கேட்கிறார்கள். வேட்டைக்கான விடை ஒரே சொல்லில் முடிந்துவிடும்: கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலான கதவுகளைச் சாத்தியது. உரிமம் பெற்றுச் சுடுவதற்கு எஞ்சியிருந்த வழியையும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. மீனுக்கான விடை சற்று நீளமானது. அதைச் சொல்வதற்கு, மீனும் விலங்கும் ஒரே சட்டத்துக்குள் வந்த 1879-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டில் சென்னை மாகாண அரசு, நீலகிரி மாவட்டத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. வேட்டை விலங்குகளையும், வெளியிலிருந்து கொண்டுவந்து இம்மலை நீரில் பழக்கப்பட்ட மீன்களையும் காப்பதே அதன் நோக்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளையர்கள் மிகவும் விரும்பிய டிரவுட் மீன் அப்போது இந்த மலையில் நிலைபெற்றிருக்கவே இல்லை. மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே 1863-இல் இங்கிலாந்திலிருந்து டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது. அத்தனை நீண்ட வெப்பக் கடற்பயணத்தைக் குளிர்நீர் மீனின் முட்டைகள் தாங்கி வருவது எளிதல்ல. அடுத்த நாற்பது ஆண்டுகளில் நடந்த முயற்சிகளும் ஏறத்தாழ அப்படியே முடிந்தன. கெண்டை இனங்கள் சில உதகை ஏரியில் பிழைத்துக்கொண்டன. ஆனால் தூண்டில்காரர் கனவு கண்ட மீன் அவை அல்ல.

அந்தக் கனவை நனவாக்கியவர் சென்னை அரசின் மீன்வளர்ப்பு வல்லுநராக இருந்த எச். சி. வில்சன். 1907-ஆம் ஆண்டளவில் அவலாஞ்சியில் அவர் அமைத்த குஞ்சு பொரிப்பகமும், அதன்பின் இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த வானவில் டிரவுட்டின் முட்டைகளுமே இன்றைக்கும் இந்த ஓடைகளில் அம்மீன் இருப்பதற்குக் காரணம். அவலாஞ்சியைத் தேர்ந்தெடுத்தது தற்செயலல்ல. டிரவுட்டுக்கு 20 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறாத நீர் வேண்டும். கற்களில் மோதி ஓடி, காற்றைக் கலந்துகொண்டே வரும் நீராகவும் அது இருக்க வேண்டும். முட்டையிடுவதற்குச் சேறில்லாத சரளைப் படுகையும் வேண்டும். அவலாஞ்சி அமைந்துள்ள, சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறிக் கிடக்கும் குந்தாப் பகுதியில், மழையைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக் கோடையிலும் கசியவிடும் மண் இருப்பதால்தான் அப்படிப்பட்ட ஓடைகள் ஆண்டு முழுவதும் வற்றாமல் ஓடுகின்றன.

டிரவுட்டைப் பிடிப்பதற்கு மண்புழுவைக் கோப்பது மரபல்ல என்று பழைய தூண்டில்காரர்கள் சொல்வார்கள். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சியைப் போலச் செய்து, அதை நீரின் மேல் மெல்ல இறங்கவிடுவார்கள். இங்கேதான் இம்மலையின் வேட்டையும் மீன்பிடியும் எவரும் எதிர்பாராத வகையில் சந்திக்கின்றன. நம் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில், மெழுகை உருக்கிச் சொட்டியதுபோல மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். பொய்ப்பூச்சிக்குக் கண் வைப்பதற்கு அதற்கு இணையான பொருள் இல்லையென்று ஐரோப்பியத் தூண்டில்காரர்கள் கருதினார்கள். அந்த இறகுக்காகவே ஏராளமான சேவல்கள் கொல்லப்பட்டுத் தோலோடு கப்பலேறின. இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடைசெய்த பிறகுதான் அங்குள்ளவர்கள் இப்பறவையைப் பண்ணையில் வளர்க்கத் தலைப்பட்டார்கள். ஸ்காட்லாந்தின் ஆற்றில் ஒரு மீன் ஏமாறுவதற்கு நம் மலையில் ஒரு சேவல் விழுந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

துப்பாக்கியின் கதைக்கு வருகிறேன். 1877-இல் தொடங்கப்பட்ட நீலகிரி வேட்டைச் சங்கம், விலங்குகள் அருகி வருவதைக் கண்டு அஞ்சிய வேட்டைக்காரர்களே கூடி அமைத்தது. 1879 சட்டத்தின் பட்டியலில் காட்டெருமையும் கடமானும் இருந்தன. நம் வரையாட்டை, வேறொரு காட்டு வெள்ளாட்டின் பெயரான ‘ஐபெக்ஸ்’ என்றும், கேளையாடு என்னும் சிறு மானைக் ‘காட்டுச் செம்மறி’ என்றும் தவறாகப் பெயரிட்டிருந்தார்கள். சங்கப் பாடல்கள் ‘வருடை’ என்று குறிப்பிடும் வரையாட்டுக்குச் செம்மறியே நெருங்கிய உறவு என்று இக்கால மரபணு ஆய்வு காட்டுவதால், அந்தப் பெயரை இடம் மாற்றி வைத்திருந்தால் ஓரளவு பொருந்தியிருக்கும். முதுகு வெளிறிப்போன முதிய கிடாக்களையே வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் தேடிப் போனார்கள்.

வேட்டைச் சங்கத்தின் விதிகள் வரையாட்டைக் காத்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை யாருக்காக யாரிடமிருந்து காத்தன என்று கேட்க வேண்டியிருக்கிறது. கட்டணம் செலுத்தி உரிமம் வாங்கியவரின் துப்பாக்கி விளையாட்டு எனப்பட்டது. இருளரும் குறும்பரும் உணவுக்காக வைத்த கண்ணியும் வலையும் குற்றமாயின. புலால் உண்ணாத தோடர்களுக்கு வேட்டையில் இழப்பில்லை. பின்னாளில் அவர்களுடைய எருமைகள் மேய்ந்த புல்வெளியில் வாட்டில் எனப்படும் சீகை மரத் தோட்டங்கள் பரவியபோது இழப்பு அவர்களையும் எட்டியது. என் கணிப்பில், இந்த மலையின் வரையாட்டுக்குத் துப்பாக்கியைவிட நீடித்த கேடு செய்தது அந்த மரம்தான். சுடுவதை நிறுத்தினால் மந்தை பெருகும். புல் போய்விட்டால் பெருகுவதற்கு இடமில்லை.

வேட்டைச் சங்கம் இன்று பெயரை மாற்றிக்கொண்டு, வன உயிர்களையும் சுற்றுச்சூழலையும் காக்கும் அமைப்பாக இயங்குகிறது. வரையாடுகள் வாழும் முக்குருத்தி மலைப்பகுதி 1990-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. தமிழ்நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பில் 2024-இல் 1,031 வரையாடுகளும், 2025-இல் 1,303 வரையாடுகளும் பதிவாயின.

இனி, தூண்டிலோடு வருகிறவருக்கு நான் சொல்லக்கூடியது இது. முதலில் உதகையிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஓடை காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறையின் ஒப்புதலையும் கேளுங்கள். தேசியப் பூங்காவுக்குள் ஓடும் நீரை விட்டுவிடுங்கள். மலையின் வடக்குச் சரிவில் ஓடும் மோயாற்றின் மீது மட்டும் ஆசை வைக்க வேண்டாம். 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய திமில் மாசீர் என்னும் ஆற்று மீன் எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று. பல தலைமுறைத் தூண்டில்காரர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்ட அந்த மீனுக்குரிய அறிவியல் பெயர் எது என்பதே 2018-இல்தான் உறுதியாயிற்று. அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களின் பட்டியலிலும் அது அதே ஆண்டில் சேர்ந்தது. நன்றி, வணக்கம்.