வாசித்தது துரைசானி, பாடியது தாத்தா

நேயர்களுக்கு வணக்கம். ஆர்மோனியம் வாசிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை கட்டைகளில் ஓடும், மறு கை துருத்தியை அசைத்துக்கொண்டே இருக்கும். மின்மோட்டார் வருவதற்கு முன்பு, சர்ச்சில் இருக்கும் பைப் ஆர்கனுக்கு, அதாவது துருத்திக் காற்றில் குழாய்கள் ஒலிக்கும் பெரிய வாத்தியத்துக்கு, அந்த மறு கை வேறொரு ஆளுடையது.

என் தாத்தாதான் அந்த ஆள். குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் சர்ச் ஒன்றில், ஆர்கனுக்குப் பின்னால் நின்று மரக் கைப்பிடியை ஏற்றி இறக்குவார். காற்று எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நூலில் ஒரு ஈயக் குண்டு தொங்கும். துருத்தி நிறைய நிறையக் குண்டு இறங்கும், காற்று குறையக் குறைய ஏறும். பலகையில் கிழித்த கோட்டுக்கு மேலே போகவிடக் கூடாது. ஒரு கிறிஸ்துமஸ் அன்று பிரசங்கம் நீண்டுவிட்டது, தாத்தா கண்ணயர்ந்துவிட்டார். அடுத்த பாட்டின் இரண்டாவது அடியில் ஆர்கன் பசித்த கன்றுக்குட்டி மாதிரி முனகி அடங்கியதாம். ஆனாலும் கடைசிவரை, "துரைசானி விரலை வெச்சாங்க, பாடுனது நான்தான்" என்பார்.

அந்த சர்ச் பூட்டிக் கிடந்து கூரை ஒழுகியபோது ஆர்கனை ஊருக்குள் கொண்டுவந்தோம். எல்லோரும் முன்னால் மின்னும் குழாய்களைப் பார்த்தார்கள். நான் துருத்தியைப் பார்த்தேன். மலை ஈரத்தில் ஆட்டுத்தோல் மடிப்பெல்லாம் வெடித்திருந்தது, மிச்சத்தை எலி தின்றிருந்தது. தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய வச்சிரப் பசை வெந்நீர்த் துணிக்கே விட்டுக்கொடுத்தது. யாரோ இடையில் வெள்ளைப் பசை போட்ட இடத்தை மட்டும் உளியால் சுரண்ட வேண்டியிருந்தது. தயவுசெய்து வச்சிரமே போடுங்கள். நாளைக்குப் பிரிக்கிறவனும் மனிதன்தானே.

குழாய்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை, கட்டைவிரல் அழுத்தினாலே பள்ளம் விழும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, தாளில் சுற்றி, பழைய தேயிலைப் பெட்டிகளில் அடுக்கி, கொண்டை ஊசி வளைவுகளில் நடை வேகத்தில் இறக்கினோம்.

அப்புறம், சமவெளியிலிருந்து சிலர் இந்த ஆர்கனைக் கேட்டார்கள், நான் சம்மதிக்கவில்லை. குன்னூர்க் குளிரில், 15 டிகிரியில் சுருதி சேர்த்த குழல், 32 டிகிரியில் ஆர்மோனியத்தின் அடுத்த கட்டைக்குப் பாதி தூரம் ஏறிவிடும். ரீடு, அதாவது அதிரும் உலோக நாக்கு, வைத்த குழல்கள் அவ்வளவு ஏறாது. இரண்டும் சேர்ந்தால்... சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மோட்டார் வைத்த கதையைச் சொல்லவே இல்லை. ஈயக் குண்டைக் கழற்றவில்லை, மோட்டார் போட்டதும் அது இப்போதும் இறங்குகிறது. வணக்கம்.