போக ஒரு மேப், காட்ட ஒரு மேப்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வரைபடத்தைப் பற்றிப் பேச வானொலிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கையில் எதையும் விரித்துக் காட்ட முடியாது. பரவாயில்லை, பாதிப் பேர் ஃபோனில்தான் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மேப் உங்கள் கையிலேயே இருக்கிறது.

நான் கல்லூரியில் புவியியல் நடத்துகிறவன். "சார், எந்த மேப் ஆப் நல்லது?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "வண்டியில் உட்கார்ந்து கேட்கிறாயா, மேசையில் உட்கார்ந்து கேட்கிறாயா?" என்று திருப்பிக் கேட்பேன். ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வது ஒரு வேலை. ஓர் இடத்தைப் பற்றி நாலு பேருக்குப் படம் போட்டுச் சொல்வது வேறு வேலை. இரண்டையும் ஒரே ஆப்பில் முடிக்கப் பார்ப்பதில்தான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது.

முதலில் போகிற வேலை. சில வருடங்களுக்கு முன் மாணவர்களை வேனில் கொல்லிமலைக்கு அழைத்துப் போனேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறுவதற்குள் செல்போன் சிக்னல் போய்விட்டது, மேப்பும் வெள்ளையாகிவிட்டது. மேலே ஓரிடத்தில் சிக்னல் திரும்பி வந்தது. ஃபோனில் இருந்த செயலி ஒரு குறுக்கு வழி காட்டியது. நம்பிப் போனோம். அந்த மண்பாதை ஒரு காப்பித் தோட்டத்து வேலியில் போய் முடிந்தது. வேனைத் திருப்ப இடமில்லை. ஓட்டுநர் என்னைப் பார்த்து, "சார், நீங்கதானே மேப் வாத்தியார்?" என்றார்.

அன்று என்மேலும் தப்பு இருந்தது. சிக்னல் இரண்டு வகை. நாம் எங்கே நிற்கிறோம் என்பது ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்து வருகிறது. அதற்கு இன்டர்நெட் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். திரையில் தெரியும் சாலைகளும் ஊர்ப் பெயர்களும்தான் இன்டர்நெட் வழியாக வருகின்றன. அவற்றை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டிருந்தால் மலையுச்சியிலும் மேப் வேலை செய்திருக்கும்.

நகரத்துக்குள் என்றால் நானும் கூகுள் மேப்ஸைத்தான் திறப்பேன். 2005-இல் வந்தது. நெரிசல் எங்கே, பஸ் எது, கடை திறந்திருக்கிறதா என்பதில் அதற்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை. நெரிசல் அதற்கு எப்படித் தெரிகிறது? சாலையில் போகிறவர்களின் ஃபோன்கள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதை வைத்துத்தான். பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 பழைய ஃபோன்களை ஒரு சின்னக் கைவண்டியில் போட்டு, ஆளில்லாத தெருக்களில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். மேப்பில் அந்தத் தெருக்கள் சிவந்துவிட்டன! 2020-இல் அந்த வீடியோவை வெளியிட்டார். அவர் கதை வேடிக்கை. ஆனால் ஃபோன்கள் அதிகம் நடமாடாத மலைச்சாலையில் அந்தக் கணக்கு எவ்வளவு தேறும் என்று யோசித்துப் பாருங்கள்.

மலை, காடு, ஒற்றையடிப் பாதை என்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைந்துகொண்டே இருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் ஆகிய செயலிகளில் ஒரு மாநிலத்தையே இறக்கி வைத்துக்கொள்ளலாம். இன்டர்நெட் இல்லாமலே நடைபாதைக்கும் வழி சொல்லும். கூகுளிலும் இறக்கி வைக்கலாம், ஆனால் இன்டர்நெட் போய்விட்டால் நடக்கிறவர்களுக்கு வழி சொல்லாது. குறையையும் சொல்லிவிட வேண்டும். யாரும் வரையாத ஊர் அதில் வெறும் வெள்ளைதான். கடைகளும் கதவு எண்களும் நம் ஊர்களில் மிகக் குறைவு. உங்கள் தெரு விட்டுப்போயிருந்தால் நீங்களே வரையலாம், தமிழிலேயே பெயரும் எழுதலாம்.

நம் நாட்டு நிறுவனமான மேப்மைஇந்தியா 1995-இலிருந்து இருக்கிறது. அதன் மேப்பில்ஸ் செயலியையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இஸ்ரோவின் ‘புவன்’ என்ற மேப் தளம், வழி கேட்பதற்கானதல்ல. செயற்கைக்கோள் படத்தில் ஏரியையும் வயலையும் பார்க்க அது உதவும்.

சரி, மேசைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

உங்கள் ஊரில் உள்ள இருபது கோயில்களைப் புள்ளி வைத்துக் காட்ட வேண்டுமா? கூகுள் மை மேப்ஸ் போதும், அரை மணி நேர வேலை. மாவட்டவாரியாக நிறம் தீட்ட வேண்டும் என்றால் கியூஜிஐஎஸ். 2002-இல் தொடங்கிய இலவச மென்பொருள். முதல் நாள் திறக்கும்போது விமானி அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். நிறம் தீட்ட எல்லைக் கோடுகள் அடங்கிய கணினிக் கோப்பு ஒன்று வேண்டும். இந்திய எல்லை வருகிற படம் என்றால் இந்திய சர்வே துறை தரும் எல்லைக் கோப்பையே எடுங்கள். வெளிநாட்டுக் கோப்புகளில் காஷ்மீர் வேறு மாதிரி இருக்கும். அப்படியே அச்சிட்டால் சட்டச் சிக்கல்.

ஒரு மாணவர் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத் தமிழ்நாட்டுக்கு நிறம் தீட்டிக்கொண்டு வந்தார். எண்ணிக்கையை அப்படியே போட்டிருந்தார். எண்ணிக்கைக்கு நிறம் தீட்டினால் கண் பரப்பைத்தான் பார்க்கும். பெரிய மாவட்டங்கள் முந்திக்கொண்டு நிற்கும், சென்னை ஒரு மூலையில் பொட்டு போலத் தெரியும். அடர்த்தியாக்கிப் பார் என்றேன். சதுர கிலோமீட்டருக்குச் சென்னையில் 26,000 பேருக்கு மேல், நீலகிரியில் 300 பேர்கூட இல்லை. படமே மாறிவிட்டது.

அதைவிட வேடிக்கை, படத்தில் ஆறு இடங்கள் நிறமே இல்லாமல் ஓட்டை ஓட்டையாக இருந்தன. மென்பொருள் கெட்டுவிட்டது, வேறு எது வாங்கலாம் என்று கேட்டார். மென்பொருள் ஒழுங்காகத்தான் இருந்தது. 2011-இல் மாவட்டங்கள் 32. அவர் இறக்கிய எல்லைக் கோப்பில் 38. தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, மயிலாடுதுறை ஆகிய ஆறும் 2019, 2020-இல் பிறந்தவை. பட்டியலில் இல்லாத பெயருக்கு அது எங்கிருந்து நிறம் கொடுக்கும்? இதில் இன்னொரு வம்பும் இருந்தது. பழைய திருநெல்வேலியின் மொத்தத் தொகை, தென்காசி பிரிந்துபோன சின்னத் திருநெல்வேலியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஓட்டையாவது கண்ணில் படும். இது படாது.

தாலுகா, கிராமக் கணக்குகளைக் கூட்டிப் புது மாவட்டங்களுக்குத் தொகை போடலாம், கையொடிகிற வேலை. அவர் பழைய எல்லைக் கோப்பைத் தேடிப் பிடித்து, படத்தின் கீழே '2011 எல்லைகளின்படி' என்று ஒரு வரி எழுதிவிட்டார். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, தென்காசி எங்கே?" என்றார்.

"அப்போ திருநெல்வேலிக்குள்ள இருந்துச்சு சார்" என்றார் இவர்.

வணக்கம்.