ஆச்சி நடந்து வரட்டும், பார்ப்போம்

வணக்கம். காரைக்குடிப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் எக்ஸ்ரே கவரை நீட்டிக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த வாசலிலிருந்து இங்கே வரை நடந்து வாங்க என்பேன். சில பேருக்கு அது பிடிக்காது. ஆனால் படுக்க வைத்து எடுத்த படத்தில் எலும்பு தெரியுமே தவிர நடை தெரியாது.

ஓர் ஆச்சி, எழுபதைத் தாண்டியவர். வீட்டில் அடிக்கடி தடுக்கி விழுகிறார், முழங்கால் தேய்ந்துவிட்டது என்று மூன்று மாதமாகத் தைலம் தேய்த்திருக்கிறார்கள். நான் வீட்டுக்கே போனேன். வீட்டு உள்முற்றமான வளவைச் சுற்றி அவர் நடந்தபோது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இடது பாதம் மெதுவாக விழுந்தது, வலது பாதம் மட்டும் 'டப்' என்று அறைந்தது. நிலைப்படி வந்ததும் வலது முழங்காலை அளவுக்கு மேல் தூக்கித் தாண்டினார். செருப்பைத் திருப்பிப் பார்த்தால் வலது செருப்பின் நுனி மட்டும் தேய்ந்து கிடந்தது. முழங்காலில் ஒன்றுமில்லை. பாதத்தை மேலே தூக்கும் தசைக்குப் போகிற நரம்பு பலவீனமாகி, நுனிக்கால் தொங்குகிறது. இதை ஃபுட் டிராப் என்போம். நரம்பு முதுகுத்தண்டில் நசுங்கியிருக்கலாம், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் அழுந்தியிருக்கலாம், அதைக் கண்டுபிடிக்க நரம்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதுவரை விழாமல் இருக்கப் பாதத்தைத் தாங்கும் ஒரு ஸ்பிளிண்ட் போதும்.

இதைத்தான் கெயிட் அனாலிசிஸ், நடையை அலசுவது என்கிறோம். பெரிய ஆய்வுக்கூடங்களில் உடம்பில் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டி, அகச்சிவப்புக் கேமராவும் மிதிக்கும் விசையை அளக்கும் தரைப்பலகையும் வைத்துச் செய்வார்கள். மூளைவாதம் (செரிபிரல் பால்சி) உள்ள குழந்தைக்கு எந்தத் தசையில் அறுவை செய்வது என்று முடிவெடுக்க அது ரொம்ப உதவும். ஆனால் தினசரி வேலைக்குக் கண்ணும் ஸ்டாப் வாட்சும் செல்போனுமே நிறையச் சொல்லும். ஒரு நடைச் சுற்றில், அதாவது ஒரு பாதம் தரையில் பட்டதிலிருந்து அதே பாதம் மறுபடி படும் வரை, அந்தப் பாதம் ஏறக்குறைய 60 சதவீத நேரம் தரையில், 40 சதவீதம் காற்றில் இருக்கும். வலிக்கிற காலில் நாம் அவ்வளவு நேரம் நிற்க மாட்டோம், சட்டென்று அடுத்த காலுக்கு மாறிவிடுவோம். கை வீச்சு ஒரு பக்கம் மட்டும் குறைந்து, காலை இழுத்து இழுத்துச் சிற்றடியாக வைத்தால் பார்க்கின்சன் என்ற நரம்பு நோயாக இருக்குமோ என்று யோசிப்போம். ஒரு பக்க இடுப்புத் தசை தளர்ந்திருந்தால் அந்தப் பக்கக் காலில் நிற்கும்போது எதிர்ப்பக்க இடுப்பு இறங்கும்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது, மருத்துவரிடம் காட்டுங்கள். யாராவது பக்கத்தில் நிற்கட்டும்.

இன்னொன்று, வீடியோ. கணுக்கால் தெரியும்படி முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுங்கள். 'நல்லா நடங்க ஆயா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் நிமிர்ந்து, அவர்களால் முடிந்த அளவு அழகாக நடந்து காட்டிவிடுவார்கள். எனக்கு வேண்டியது, காலையில் அடுப்படிக்குப் போகிற அந்த நடை.