தாத்தாவின் தேக்கு நாற்காலியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

அடுத்த கேள்வி சிங்கப்பூரின் தோ பாயோவிலிருந்து ஓர் அக்கா அனுப்பியது. அவர் தாத்தா உட்கார்ந்த தேக்கு நாற்காலி வீட்டில் இருக்கிறதாம். கைப்பிடியில் காப்பிக் குவளை வைத்த இடமெல்லாம் வெள்ளை வட்டம், இருக்கையின் பிரம்புப் பின்னல் தொய்ந்துவிட்டது, ஒரு கால் ஆடுகிறது. "உப்புத்தாள் போட்டு முழுசா தேய்ச்சிட்டு வார்னிஷ் அடிச்சிடலாமா தம்பி?" என்று கேட்கிறார்.

வேண்டாம் அக்கா. உப்புத்தாளை எடுத்துவிட்டால் பிறகு திரும்ப முடியாது. தாத்தாவின் கை பட்டுப் பட்டு வழவழப்பான அந்தக் கைப்பிடியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

முதலில் மேலே இருப்பது என்ன பாலிஷ் என்று பார்த்துவிடுவோம். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, வெளியே தெரியாத ஓரிடத்தில், மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் (எரிசாராயம்) நனைத்த பஞ்சை அரை நிமிடம் அழுத்தி வையுங்கள். அந்த இடம் பிசுபிசுத்து, பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அது அரக்கு பாலிஷ், அதாவது அரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது. பழைய சாமான்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒன்றுமே ஆகவில்லையென்றால் வார்னிஷ் வகை; அதற்கு நான் இப்போது சொல்லும் வழி உதவாது.

அரக்கு என்றால் நல்ல செய்தி. அந்த வெள்ளை வட்டம் மரத்தில் இல்லை, அரக்குக்குள் புகுந்த ஈரம் அது. வட்டம் கறுப்பாக இருந்தால்தான் தண்ணீர் மரம் வரைக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஆடும் காலை முதலில் சரிசெய்யுங்கள், பாலிஷ் கடைசியில். தயவுசெய்து ஆணி அடிக்காதீர்கள், மரம் பிளந்துவிடும். அந்தக் காலத்துத் தச்சர்கள் வச்சிரம் போட்டு ஒட்டியிருப்பார்கள். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை அது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து பொருத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டால் இளகிக் கழன்று வரும். பழைய பசையைத் துடைத்துக் காயவிட்டு, புதுப் பசை போட்டு, ஒரு நாள் முழுக்க இறுக்கிக் கட்டி வையுங்கள்.

பிரம்பு அறுந்து போகாமல் வெறுமனே தொய்ந்திருந்தால், அடிப்பக்கமாக ஈரத்துணி வைத்து நன்றாக ஊறவிடுங்கள். மேல்பக்கம் பளபளப்பான தோல், தண்ணீரை உள்ளே விடாது. இரவு முழுக்க யாரும் உட்காராமல் காயட்டும். காலையில் விறைத்து நிற்கும்.

சரி, பாலிஷுக்கு வருவோம். டர்பன்டைன் தொட்டு அழுக்கையும் மெழுகையும் துடைத்தெடுங்கள். அப்புறம் பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்துச் சுருட்டி, சில சொட்டு ஸ்பிரிட் மட்டும் விடுங்கள். புறங்கையில் வைத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. அதை வெள்ளை வட்டத்தின் மேல் நிறுத்தாமல், இறகு தடவுவதுபோல் ஓட்டுங்கள். அரக்கு லேசாக இளகி ஈரத்தை விட்டுவிடும். வட்டம் கண்ணெதிரே மங்கும்.

அதன் மேல் புது அரக்கு. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அவலரக்கு (அவல்போல் செதில் செதிலாக இருக்கும் அரக்கு), இரவே ஊறப்போட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். அதே துணியால் மெல்லிசாகப் பல பூச்சு. பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது, ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

நேரம் முக்கியம். நான் ஒரு டிசம்பர் காலையில், வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோது, ஒரு சின்ன மேசைக்குப் பூசினேன். பூசி முடிப்பதற்குள் முழு மேசையும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில் ஏறக்குறைய 60க்கு இறங்கும். அதனால் வெயில் அடிக்கும் நாளில் மதியம் ஒரு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இடம் குறைவுதான், தெரியும். ஆனாலும் நாற்காலியை வெளி நடைவழியில் காயப் போட்டு வழியை அடைத்துவிடாதீர்கள். குறைந்தது 1.2 மீட்டர் வழி விடச் சொல்கிறது குடிமைத் தற்காப்புப் படை. ஜன்னலோரம் போதும், காற்றாடியைத் தூரத்தில் வையுங்கள், தூசி ஒட்டும்.

ஒரு வாரத்துக்குச் சூடான குவளை மட்டும் அந்தக் கைப்பிடியில் வேண்டாம் அக்கா. அரக்கு நன்றாக இறுக அத்தனை நாள் கொடுங்கள்.